கீறல் விழாத மாவீரர்

நாலு வருஷமாக ஒரு அடிகூடப் படாத மாவீரர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்துவருகிறார் என்பதை உலகம் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. அவருடைய கடைப் பலகையில் 'செல்போன் கவர், ஸ்கிரீன் கார்டு, லேமினேஷன்' என்று எழுதியிருப்பதால் வந்த கோளாறு அது. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே கவர்தான். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதுவும் எங்கேயோ ஓர் உறைக்குள் பத்திரமாக இருக்கும்.

ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய கருத்து. ஈரத்தாளால் ஒரு துடைப்பு, உலர்தாளால் ஒரு துடைப்பு, தூசி எடுக்கிற ஒட்டுத்தாளால் ஒரு தட்டு. பிறகு மூச்சைப் பிடித்துக்கொள்வார். வாடிக்கையாளரும் பிடித்துக்கொள்ள வேண்டும். "மூச்சு விடாதீங்க, தூசி உள்ள போயிடும்" என்று அவர் அதட்டினால், வாங்க வந்தவர் கன்னம் உப்ப நிற்பார். கண்ணாடி படிந்து, கடைசிக் காற்றுக் குமிழி ஓரத்துக்கு ஓடி மறைந்த பிறகுதான் இருவருக்கும் சுவாசம் அனுமதிக்கப்படும்.

வீட்டிலும் இதே ராஜ்யம். சோபா வந்த அன்று போர்த்தியிருந்த பாலித்தீன் இன்றும் அதன் மேல் இருக்கிறது. டிவி ரிமோட் ஒரு பையில், பை இன்னொரு பையில். சுவர்க்கடிகாரம் கண்ணாடித்தாளுக்குள்ளிருந்து சளி பிடித்த ஆள் மாதிரி டிக் டிக்கென்கிறது. வெயில் காலத்தில் சோபாவிலிருந்து யாராவது எழுந்தால், பழைய போஸ்டரைச் சுவரிலிருந்து கிழிப்பதுபோல ஒரு சத்தம் வரும்.

"நாம வாங்கினது சோபாவா, பாலித்தீனாங்க?" என்று மனைவி கேட்பாள்.

"கவரைக் கழட்டினா சோபா பாழாயிடும்ல?"

"அப்ப சோபா எதுக்குங்க?"

"கவர் போடத்தான்" என்று அவர் சொல்லிவிடவில்லை. ஆனால் முகத்தில் அந்தப் பதில்தான் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் போர்க்களம் போவார். களம், மருந்துக்கடைக்காரரின் கடைக்குப் பின்னாலுள்ள கிடங்கு. இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மடக்கு மேஜை. மருந்துக்கடைக்காரர் கதை சொல்வார்: இதோ குகை, இதோ பூதம், உள்ளே ஏதோ உறுமுகிறது. மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். நடுத்தர வயதில் மூன்று ஆண்கள் இதற்காகக் குடும்பத்தை விட்டுவிட்டு வருகிறார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: குடும்பங்கள் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

இந்த ஆட்டத்தில் அடி படுவதும் படாததும் சுலபமான கணக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு கவச எண் உண்டு. வெறும் சட்டையோடு நிற்பவனுக்குப் பத்து. தோல் உடுப்பு போட்டால் கொஞ்சம் ஏறும். இரும்புச் சங்கிலிச் சட்டைக்கு இன்னும் ஏறும். உச்சி முதல் உள்ளங்கால் வரை தகடு மாட்டினால் பதினெட்டு. கேடயத்துக்கு மேலும் இரண்டு. அடிக்க வருபவன் இருபது முகப் பகடையை உருட்டி, தன் கைத்திறனையும் கூட்டி, அந்த எண்ணைத் தொட்டால் அடி பட்டது, உயிர்ப்புள்ளி குறையும். தொடாவிட்டால் வாள் கவசத்தில் டணாரென்று மோதித் திரும்பியதாக ஐதீகம். இதற்கு விலையும் உண்டு. தகடு மாட்டியவன் ஓட முடியாது. பதுங்கிப் போனால் பாத்திரக்கடை நடந்து போவதுபோலக் கேட்கும். தண்ணீரில் விழுந்தால் கல்லைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கிய கதைதான்.

கவரின் வீரருக்குக் கவச எண் இருபத்து நான்கு. தகடு, கேடயம், மந்திர மோதிரம் என்று நாலு வருஷம் சேர்த்த சொத்து. கிடைத்த பொக்கிஷத்தில் கூட ஆடுபவர் மந்திரக்கோல் வாங்கியபோது இவர் முழங்கால் மூடி வாங்கினார். பூதங்கள் அவரைத் தொட வேண்டுமென்றால் பகடையில் இருபதே விழ வேண்டும், விழவில்லை. ஏன் விழவில்லை என்பதில்தான் சூட்சுமம்: யாரும் அவருக்காக உருட்டவே இல்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை வேதவாக்காகக் கொண்டு, அவர் எப்போதும் கடைசியில் நிற்பார்.

"யோவ் கவர், இரும்புச்சட்டை போட்ட நீ பின்னால நிக்கிற, பைஜாமா போட்ட நான் முன்னால நிக்கிறேன். இது எந்த ஊர் நியாயம்?" என்று டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் கத்துவார். ஆட்டத்தில் அவர் மந்திரவாதி. வாரமெல்லாம் கற்றுக்குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவர். ஞாயிற்றுக்கிழமையும் அதே பிழைப்பு.

"முன்னால வந்தா கீறல் விழும்யா" என்பார் கவர்.

"கீறல் விழத்தானய்யா கவசம்?"

"ஒரு அடிகூடப் படாத வீரன்யா அவன். அந்தப் பேரைக் கெடுக்கச் சொல்றியா?"

அந்தப் பேர்தான் அவருடைய வாழ்நாள் சம்பாத்தியம். கடைக்கு வருகிறவர்களிடம்கூடச் சொல்வார். எந்தப் போரில் என்று அவர்கள் கேட்கும்போது பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருமுறை வாத்தியார் ஒரு யோசனை வைத்தார். பிரேக் கட்டை தேய்கிற மாதிரி கவசமும் தேய வேண்டும். மோதுகிற ஒவ்வொரு அடிக்கும் எண்ணில் ஒன்று குறைய வேண்டும். கவர் கொதித்துப்போனார். அடி திரும்பிப் போகிறது என்றால் போகிறது; தேய்வது, நசுங்குவது என்ற பேச்சே புத்தகத்தில் கிடையாது என்று மேஜையைக் குத்தினார். "உன் கடையில கண்ணாடி உடைஞ்சு போனைக் காப்பாத்துதுல்ல? அது மாதிரிதான்" என்றார் வாத்தியார். "அதுக்குத்தான் இன்னொண்ணு விக்கிறேன். இங்க இன்னொண்ணு யாரு தருவா?" என்று கவர் கேட்க, யோசனை தோற்றது.

ஜெயித்த மிதப்பு அடங்குவதற்குள் இன்னொரு ஆபத்து. தூங்கும்போது ஒரு திருடன் வந்து மார்புக்கவசத்தைக் கழற்றப் பார்த்தான் என்று மருந்துக்கடைக்காரர் கதையில் ஒரு திருடனை விட்டார். அடுத்த வாரம் கவர் கையால் வரைந்த படத்தோடு வந்தார். கவசத்தில் இருபத்திரண்டு தோல்வார்கள். ஒவ்வொரு வாருக்கும் ஒரு பக்கிள். ஒரு முறைக்கு ஒரு வார்தான் அவிழ்க்க முடியும். யாராக இருந்தாலும் இதே விதி.

"யாரா இருந்தாலுமா? நீயேன்னாலுமா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"நான் எதுக்குய்யா கழட்டப் போறேன்?"

விதி நிறைவேறியது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்பவர்களை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். படம் வரைந்து கொண்டுவந்து வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரிடமும் தன் வீரனைப் பற்றிய தாள் ஒன்று இருக்கும். உயிர்ப்புள்ளி ஏறும், இறங்கும். பென்சிலால் எழுதுவதும் ரப்பரால் அழிப்பதுமாக வாத்தியாருடைய தாள் சமையலறைக் கைத்துணி மாதிரி இருக்கும். கவரின் தாள் பளபளக்கும். மை பேனாவால் எழுதி, சொந்தக் கடையில் இரண்டு பக்கமும் லேமினேஷன் போட்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மாமியார் வந்து சேர்ந்தார். தம் வீட்டுக் கூரையைப் பிரித்து வேலை நடப்பதால், அது முடியும்வரை மகள் வீட்டில் வாசம். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றைக்கால் வைக்கவும் இடமில்லாத பஸ்ஸில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பிய உடம்பு. ஆறடி ஆளையும் "உள்ள போ தம்பி, உள்ள போ" என்று முழங்கையால் நகர்த்திய கை.

சோபாவில் உட்கார்ந்தார், எழுந்தார். சத்தம் வந்தது. "என்னடி இது, தோலை உரிக்குது?" என்று மகளைக் கேட்டார். "உங்க மாப்பிள்ளையைக் கேளும்மா" என்றாள் மகள். மாப்பிள்ளையை மாமியார் கேட்கவில்லை. ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் எடுக்காதவரை அவர் பார்க்கும் பார்வை அது என்று பழைய பயணிகளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளை தலை சீவிக்கொண்டு கிளம்புவதைக் கண்டார்.

"எங்கடி போறாரு?"

"சண்டை போடம்மா."

"இவரா?"

அடுத்த ஞாயிறு ஸ்கூட்டரின் பின்சீட்டில், பாலித்தீன் உறையின் மேல் வழுக்கியபடி, மாமியாரும் கிடங்குக்கு வந்திறங்கினார். வேவு பார்க்க வந்தவர் என்று கவருக்கு நன்றாகத் தெரியும். அரை மணி நேரம் பார்த்தார். பிறகு "எனக்கும் ஒரு ஆளைக் குடு தம்பி" என்று மருந்துக்கடைக்காரரிடம் கை நீட்டினார்.

அவருக்குக் கிடைத்தவள் தடியடிக்காரி ஒருத்தி. கையிலிருந்த தங்கக் காசுக்குக் கவசம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

"கவசம் வாங்குங்க அத்தை. குறைஞ்சது தோல் உடுப்பாவது" என்று கவர் கெஞ்சினார்.

"பஸ்ஸுல நான் என்ன மாப்பிள்ளை போட்டிருந்தேன்? காக்கிச் சட்டைதான?" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் ஒரு பெரிய தடியும் நீளமான கயிறும் வாங்கினார். கவச எண் பத்து. பார்த்தவுடன் அடிக்கலாம் போலிருக்கும் எண். எல்லாரும் அடித்தார்கள். முதல் நாளே அவருடைய தாளில் ரப்பர் போட்டு ஓட்டை விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும், "அடிச்சிட்டானா? சரி, இப்ப என் முறை" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பகடையை உருட்டினார். வாத்தியார் நாலு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் பின்னால் நின்றார். கண் கலங்கியதாகக்கூடச் சொல்கிறார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் மாமியார் ஒன்றே ஒன்று கேட்டார். "மாப்பிள்ளை, நீங்க ஏன் ஒண்ணுமே பண்ணலை?"

"நான் பாதுகாப்பா நிக்கிறேன் அத்தை."

"யாருக்குப் பாதுகாப்பு?"

சிக்னல் பச்சையாகிவிட்டதால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

சில வாரங்களுக்குப் பிறகு அந்தக் குகை வந்தது. உள்ளே இருட்டு ஏரி, கரையோரம் வழுக்குப் பாறை. முதலில் மாமியார், நடுவில் வாத்தியார், வெகு தூரம் பின்னால் கவர். வாத்தியார் தன்னிடமிருந்த மந்திரத்தையெல்லாம் ஒரு வௌவால் மேல் செலவழித்து முடித்த நேரம் பார்த்து, தண்ணீருக்குள்ளிருந்து பனைமரத் தடிமனில் ஒரு பாம்பு எழுந்தது. மருந்துக்கடைக்காரர் உருட்டினார். பத்தைத் தாண்டுவது பெரிய காரியமா? பாம்பு தடியடிக்காரியின் இடுப்பைச் சுற்றி ஏரிக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று.

"ஐயோ, நான் காலி. எங்கிட்ட மந்திரம் இல்ல" என்றார் வாத்தியார். "கவர், நீதான் போகணும்."

மேஜையில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு வருஷத்தில் இதுவும் முதல்முறை.

"கவசத்தோட நீந்தலாமா?" என்று கேட்டார் கவர்.

"தாராளமா. கீழ்ப்பக்கமா."

"அப்ப கழட்டிட்டுக் குதிக்கிறேன்."

"இருபத்திரண்டு வார். முறைக்கு ஒண்ணு. படம் வேணுமா? எடுத்துத் தரேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் எத்தனை வருஷமாக இதற்குக் காத்திருந்தாரோ.

கவர் முதல் வாரை அவிழ்த்தார். பாம்பு இறுக்கியது, மாமியாரின் புள்ளி குறைந்தது. இரண்டாவது வார். இன்னும் குறைந்தது. தடியடிக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதாக மாமியார் அறிவித்தார். கன்னத்தையும் உப்பிக் காட்டினார்.

"யோவ், கத்தியால அறுத்துவிடுய்யா! ஒரே முறையில முடிஞ்சிடும்!" என்று வாத்தியார் எழுந்தே விட்டார்.

"அறுக்கலாமா?" என்று கவர் கேட்டார்.

"அறுக்கலாம். ஆனா கவசம் அத்தோட சரி, ஏரிக்குள்ள போயிடும்."

கவரின் முகத்தில் அப்போது நடந்த போரைக் கவிகள் யாரும் பாடப்போவதில்லை. ஒரு பக்கம், நாலு வருஷம் முழங்கால் மூடி முழங்கால் மூடியாகச் சேர்த்த இருபத்து நான்கு. மறுபக்கம், மனைவியைப் பெற்ற தாய். இன்று இவரை மூழ்கவிட்டால், சாயங்காலம் இவரையே பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். கூரை வேலை இன்னும் பாதிகூட முடியவில்லை.

"வாரை மட்டும் பாத்து அறுத்தா, அப்புறம் தைச்சுக்க முடியுமா?" என்று கேட்டார்.

மாமியார் கன்னத்துக் காற்றை விட்டார். "அவசரமில்ல மாப்பிள்ளை. நிதானமா கழட்டுங்க. கீறல் விழுந்துடப்போகுது."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று நினைத்தாரோ என்னவோ, கவர் நிதானமாகவே கழற்றினார். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது வாரில் மாமியாருக்குப் பொறுமை போயிற்று; உயிர்ப்புள்ளியும் ஏறக்குறைய போயிற்று.

"தம்பி, எங்கிட்ட கயிறு இருக்குல்ல? சுருக்குப் போட்டு மாப்பிள்ளை மேல வீசுறேன். கரையில அவரைவிடக் கனமான சாமான் எது இருக்கு?"

மருந்துக்கடைக்காரரின் முகம் மலர்ந்தது. "வீசலாம்மா. அவர் பிடிச்சுக்கிறேன்னு சொன்னா பகடையே வேண்டாம். சொல்லலைன்னா நீங்க அவரோட கவச எண்ணைத் தொடணும்." கவரிடம் திரும்பினார். "பிடிச்சுக்கிறியா?"

இதற்கு உலகத்தில் எந்த மருமகனும் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்.

"கயிறு உரசினா பாலிஷ் போகுமா?" என்று கேட்டார் கவர்.

வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கேள்வி கேட்டா பிடிச்சுக்கலைன்னு அர்த்தம். உருட்டுங்கம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மாமியார் பகடையை உள்ளங்கையில் வைத்து, சில்லறையைக் குலுக்குவதுபோல் ஒரு குலுக்குக் குலுக்கி விட்டார். அது மேஜை முழுக்க ஓடி, இருமல் மருந்துப் பெட்டியில் இடித்து, இருபதில் நின்றது.

பூதங்களும் அரக்கர்களும் நாலு வருஷமாகத் தொட முடியாத அந்த எண்ணை முதன்முதலில் தொட்டவர் அவருடைய மாமியார். சுருக்கு மார்புக்கவசத்தில் மாட்டியது. மாமியார் இழுத்தார். கவர் எதையும் தொடாமல் சும்மா நின்றிருந்தால், கப்பலைக் கட்டிவைக்கும் கம்பம்போல் கவசம் அசையாமல் நின்றிருக்கும். வாரையெல்லாம் அறுத்திருந்தால் அவரே நீந்திப் போயிருப்பார். இரண்டும் இல்லாமல் ஆறு வாரை மட்டும் அவிழ்த்து வைத்திருந்தார். மார்புக்கவசம் அவர் தலை வழியாகக் கழன்று, பாறை மேல் 'சர்ர்ர்ர்' என்று உரசிக்கொண்டே போய், இரண்டு கல்லுக்கு நடுவே குறுக்காகச் சிக்கியது. அதைப் பிடித்துத் தடியடிக்காரி மேலே ஏறினாள். ஏறும்போது அதன் மேலேயே காலும் வைத்தாள்.

"எவ்வளவு கீறல்?" என்று கவர் மெல்லக் கேட்டார்.

"கவசமே வளைஞ்சு போச்சுய்யா" என்றார் மருந்துக்கடைக்காரர். "அது இருக்கட்டும். பாம்பும் கரையேறுது. அதுக்கு முன்னால வெறும் சட்டையோட யாரோ நிக்கிறாங்க. உன் எண் இப்ப என்ன? கேடயத்தைக்கூடக் கீழ வச்சிட்டுத்தான வாரைக் கழட்டின?" உருட்டினார். வந்தது சாதாரண எண். பழைய இருபத்து நான்கைப் பார்த்தாலே வெட்கப்பட்டு ஓடியிருக்கும். இப்போது அது போதும்.

"பட்டுது" என்றார்.

கவர் பகடையைப் பார்த்தார், பாம்பு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், எல்லாரையும் பார்த்தார்.

"அடி பட்டா... என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

நாலு வருஷம் ஆடிய மனிதருக்கு அது தெரிந்திருக்கவில்லை. உயிர்ப்புள்ளியில் ஒன்பதைக் குறைக்கச் சொன்னார்கள். பென்சிலை எடுத்தார். பென்சில் லேமினேஷன் மேல் வழுக்கியது. பேனா வழுக்கியது. விரலால் தொட்டதும் மை அழிந்துபோனது.

"எழுத மாட்டேங்குதே" என்றார். குரலில் கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்தது. "அப்ப குறைஞ்சதா எப்படி எடுத்துக்கிறது?"

மாமியார் கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். மாப்பிள்ளையின் கையிலிருந்து தாளை மரியாதையாக வாங்கினார். "கொஞ்சம் பிடிச்சுக்குங்க மாப்பிள்ளை" என்று சொல்லி, பளபளத்த அந்த எண்ணுக்குக் குறுக்கே அழுத்தி ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் புது எண்ணைக் கீறினார். சோபாவிலிருந்து யாரோ எழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"இப்ப உங்க முறை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் கவர் வாளை ஓங்கினார். நாலு வருஷத்தில் உருவாத வாள். பகடை மூன்று காட்டியது. வாள் பாறையில் பட்டது. பாம்பை மாமியாரே தடியால் முடித்துவைத்தார்.

அந்த வாரம் முழுக்கக் கவர் கடைக்கு வந்தவர்களிடம் அடி படாத வீரனின் கதையைச் சொல்லவில்லை. மனிதர் திருந்திவிட்டார், வீட்டில் பாலித்தீன் கிழியப்போகிறது என்று மனைவி கத்தரிக்கோலைக்கூடத் தேடி வைத்தாள்.

ஞாயிறு வந்தது. மருந்துக்கடைக்காரர் கதையைத் தொடங்கும் முன் கவர் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். கீறல் அப்படியே இருந்தது. அதன் மேல், சரியான அளவுக்கு வெட்டி, ஒரு குமிழிகூட இல்லாமல் புது ஸ்கிரீன் கார்டு ஒட்டியிருந்தார்.

"இது எதுக்குய்யா?" என்றார் வாத்தியார்.

"முதல் அடிய்யா" என்றார் கவர், தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "அழிஞ்சிடக் கூடாதுல்ல?"

மாமியார் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஊசி இருந்தது.